சிவப்புக் குழாயை வெட்டியது யார்?

அத்தியாயம் 9

பயத்தில் இரண்டு ரகம் உண்டு. வாயை அடைத்துவிடும் பயம் ஒன்று, வாயைத் திறந்துவிடும் பயம் மற்றொன்று. ஊசிவெடிக்கு எப்போதும் வருவது இரண்டாவது ரகம். அன்று காலை பத்து மணிக்கு, சரிவின் உச்சியில் நின்ற அந்த டிரெய்லரின் கேபினில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து அவன் வாய் மூடவேயில்லை.

"டிரைவர் சார், இதுக்கு மொத்தம் எத்தனை சக்கரம்?"

"பின்னால நூத்தி இருபத்தெட்டு. இழுக்கற இந்த வண்டிக்குப் பத்து."

"எங்க வீட்டுல ஒரே ஒரு சைக்கிள் சார். ரெண்டு சக்கரம். அதுலயே ஒண்ணு எப்பவும் கோவிச்சுக்கிட்டு இருக்கும். நீங்க எப்படி இத்தனைய சமாளிக்கிறீங்க?"

புது டிரைவர் சிரிக்கவில்லை. காலைக் குளிரிலும் அவர் கழுத்து வியர்த்திருந்தது. கைக்குட்டையால் துடைத்தார், மடித்தார், மறுபடி துடைத்தார்.

ஊசிவெடி கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்த்தான். எதிரே சாலை சரசரவென்று இறங்கியது. இரண்டு கிலோமீட்டர் இறக்கம், அதன் முடிவில் ஒரு வளைவு. வளைவில் இடுப்புயரச் சுவர். சுவருக்கு நேர் கீழே பேருந்து நிலையம். மேலேயிருந்து பார்த்தால் பேருந்துகளின் கூரைகளும், நடுவே நகரும் குடைகளும் தெரிந்தன. முதுகுக்குப் பின்னால் நூற்று இருபது டன் எடையுள்ள டிரான்ஸ்ஃபார்மர், சங்கிலிகளால் கட்டப்பட்டு, எப்போது கிளப்புவீர்கள் என்று காத்திருந்தது.

அவன் இங்கே வந்து மாட்டிக்கொண்டதற்குக் காரணம் அவனுடைய அண்ணி. பதினைந்து வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் விபத்து விசாரணை செய்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறவர். அண்ணிக்கு மூளை, கொழுந்தனுக்கு வாய் என்று வீட்டில் பாகம் பிரித்தாகிவிட்டது. பாகப்பிரிவினையில் ஆபத்தான வேலைகளெல்லாம் எப்படியோ வாய் இருக்கிற பக்கமே வந்து விழுந்தன.

மூன்று நாளைக்கு முன், கம்பெனி வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டில் இதே வண்டி, சும்மா நின்ற இடத்திலிருந்து பின்னால் உருண்டது. பின்னால் நின்றிருந்த தலைமை டிரைவரின் இரண்டு கால்களும் நசுங்கின. அவர் இடத்தில்தான் இன்று இந்தப் புது டிரைவர். வண்டியின் காற்றுக் குழாய், சிவப்பு நிறத்தில் இருப்பது, கத்தியால் வெட்டப்பட்டிருந்தது. கத்தி சக்கரத்தடியில் கிடந்தது. அது பின்கையின் கத்தி.

பின்கை என்பது பட்டப்பெயர். இத்தனை நீள வண்டியை முன்னாலிருந்து மட்டும் வளைக்க முடியாது. பின் சக்கரங்களைத் திருப்ப ஒரு ஆள் கழுத்தில் விசைப்பெட்டியை மாட்டிக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். அந்த ஆளைத்தான் யார்டில் பின்கை என்பார்கள். பதினோரு வருடமாக அந்த வேலை பார்ப்பவள், கால் நசுங்கிய தலைமை டிரைவரின் மனைவி. விபத்துக்கு முதல் நாள் கணவனும் மனைவியும் சாப்பாட்டு அறையில் எல்லார் முன்னாலும் சண்டை போட்டிருக்கிறார்கள். போதாதா? ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் புருஷன் அவளைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "நீயா?" என்பது. அதை அண்ணியிடம் சொல்லும்போது அவள் அழவில்லையாம். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் உங்களுக்கு டைம்" என்று லாரிக் கம்பெனி மேனேஜர் அண்ணியிடம் சொல்லியிருந்தார். "அதுக்கு மேல நான் போலீசுக்குப் போயிடுவேன். டிரான்ஸ்ஃபார்மர் இன்னிக்கே கீழ இறங்கணும், பின்னால நடக்க அவளை விட்டா ஆள் இல்ல. அதனால நடக்கட்டும். ஆனா கேபின்ல உங்க ஆள் ஒருத்தர் உட்கார்ந்து அவ மேல ஒரு கண் வைக்கட்டும்."

அந்தக் கண்தான் ஊசிவெடி. பக்கவாட்டுக் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். நாற்பது வயதிருக்கும். தலைக்கவசம், மஞ்சள் சட்டை. கையிலிருந்த இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். புருஷன் காலை நசுக்கியவள் கையில் இரும்புக் கம்பி வேறா என்று தன் பக்கத்துக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

வாக்கிடாக்கியில் பின்கையின் குரல் கரகரத்தது. "சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டை எட்டும் எடுத்தாச்சு. திருப்பிச் சொல்லுங்க."

"சரி, சரி" என்றார் புது டிரைவர்.

"சரியெல்லாம் வேணாம். சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க."

டிரைவர் பல்லைக் கடித்தார். "கட்டை எட்டும் எடுத்தாச்சு. போதுமா?"

"முதல் கியர். அடிவாரம் வரைக்கும் மாத்தக் கூடாது. திருப்பிச் சொல்லுங்க."

"ஆமா, ஆமா" என்று டிரைவர் வாக்கிடாக்கியைச் சீட்டில் போட்டார். "ஸ்கூல் பிள்ளை மாதிரி ஒப்பிக்கச் சொல்றா பாருங்க. குழாயை வெட்டினவளுக்கு வாய் வேற."

ஊசிவெடி சும்மா இருப்பானா? "ஏன் சார், அந்தக் குழாயை வெட்டினா வண்டி எப்படி உருளும்?"

"இதென்ன கேள்வி? குழாய் போச்சுன்னா காத்து போச்சு. காத்து போச்சுன்னா பிரேக் போச்சு. பிரேக் இல்லாத வண்டி உருளாம பாட்டா பாடும்?" டிரைவர் முன்பலகையில் துருத்திக்கொண்டிருந்த சிவப்புக் குமிழைக் காட்டினார். "இதோ, இதை அழுத்தினாத்தான் பின்னால காத்து போகும். காத்து இருந்தாத்தான் பிரேக்."

கேட்க அழகாகத்தான் இருந்தது. ஊசிவெடி உடனே யார்டிலிருந்த அண்ணிக்குப் போன் போட்டு, சொந்தச் சரக்கு போல அதை ஒப்பித்தான். சபாஷ் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. அண்ணி, "இரு, ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் பண்ணிட்டு உன்னைக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார்.

புது டிரைவர் சிவப்புக் குமிழை அழுத்தினார். புஸ்ஸென்று எங்கோ பெரிய மூச்சு விட்டது வண்டி. அவர் இடது கை சீட்டுக்குப் பக்கத்தில் கீழே எதையோ துழாவிவிட்டு வெறுங்கையாக மேலே வந்தது.

"என்ன சார் தேடறீங்க? கைக்குட்டை மடியில இருக்கு."

"ஒண்ணுமில்ல."

வண்டி நகர்ந்தது.

முதல் அரை கிலோமீட்டர் ஊசிவெடி கண்ணாடியிலேயே கண்ணாக இருந்தான். பின்கை வண்டியோடு சேர்ந்து நடந்து வந்தாள். பெட்டியிலிருந்த விசையை இந்தப் பக்கம் ஒரு சுண்டு, அந்தப் பக்கம் ஒரு சுண்டு. அவள் சுண்டியபடி பின் சக்கரங்கள் வரிசையாகத் திரும்பிக்கொடுத்தன. கொஞ்ச நேரத்தில் அவள் வேகமாக நடக்க ஆரம்பித்தாள். அப்புறம் ஓட ஆரம்பித்தாள்.

"வேகம் ஏறுது" என்றது வாக்கிடாக்கி. மூச்சு வாங்கிற்று. "எந்த கியர்ல இருக்கீங்க? சொல்லுங்க."

டிரைவர் ஸ்டியரிங் மேல் குனிந்தார். அவர் கால் பிரேக்கை மிதித்தபடியே இருந்தது. கருகல் வாடை லேசாக வந்தது.

அப்போது ஊசிவெடியின் காதுக்குள் போன் அலறியது.

"நான் பேசறதைக் கேளு. குறுக்கே பேசாதே" என்றார் அண்ணி.

"அது கஷ்டம் அண்ணி."

"வெட்டின குழாய் இப்ப என் கையிலதான் இருக்கு. ஆஸ்பத்திரில தலைமை டிரைவர்கிட்டயும் கேட்டுட்டேன். நல்லாக் கேட்டுக்க. பெரிய வண்டியில சக்கரத்தைப் பிடிக்கிறது காத்து இல்ல, ஸ்பிரிங். காத்து அந்த ஸ்பிரிங்கை அமுக்கி வச்சிருக்கும். காத்து இருக்கற வரைக்கும் சக்கரம் சுத்தும். காத்து போன அடுத்த நொடி ஸ்பிரிங் பாய்ஞ்சு சக்கரத்தைக் கவ்விக்கும். புரியுதா?"

"அப்படின்னா… அதை வெட்டினா?"

"உருளாது. நின்ன இடத்துல அப்படியே நிக்கும். பத்து யானை கட்டி இழுத்தாலும் நகராது."

ஊசிவெடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"சின்ன வண்டிங்கள்லதான் எண்ணெய் பிரேக். அதுலதான் குழாய் அறுந்தா பிரேக் போகும். வெட்டின ஆளுக்கு அது மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. வண்டி வேற ஏதோ காரணத்தால உருண்டிருக்கு. அதுக்கப்புறம் பழியைத் திருப்பிவிட அந்த ஆள் குழாயை வெட்டிக் கத்தியைக் கீழ போட்டிருக்கான். பதினோரு வருஷம் இதே தொழில் பண்றவ, நிக்க வைக்கிற குழாயை வெட்டி வண்டியை உருட்டப் பார்ப்பாளா? பின்கை இதைச் செய்யல. இந்த மாதிரி வண்டியையே முறையாக் கத்துக்காத ஒருத்தன் செஞ்சிருக்கான்." அண்ணி மூச்சு விட்டார். "காலையில ஒரு விளக்கம் சொன்னியே, காத்து போனா பிரேக் போகும்னு. அது உன் மண்டையில உதிச்சதா, யாராவது சொன்னாங்களா?"

ஊசிவெடி மெல்லத் தலையைத் திருப்பினான். புது டிரைவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் அண்ணி" என்றான். குரல் கீச்சென்று வந்தது. "ரொம்பப் பக்கத்து வீடு."

அண்ணியின் குரல் சட்டென்று உயர்ந்தது.

"வண்டி கிளம்பிடுச்சா?"

"கிளம்பிடுச்சு. பாதி இறக்கம் வந்தாச்சு."

"அய்யோ. ஊசிவெடி, இங்க பாரு, அந்தப் பலகையில—"

ஓரத்துப் பாறை மறைவில் சிக்னல் போய்ப் போன் செத்தது. "அண்ணி? அண்ணி!" என்று நாலு தடவை கூப்பிட்டான். இருபது வருடப் பேச்சுத் தொழிலில் முதல் முறையாக அவனுக்கு வாயை அடைக்கும் பயம் வந்தது. இந்த ரகம் எவ்வளவு கொடியது என்று இத்தனை நாள் அவனுக்குத் தெரியாது.

டிரைவர் திடீரென்று கிளட்சை மிதித்துக் கியர்க் கம்பியை இழுத்தார். அடியில் பல்லும் பல்லும் அரைபடும் சத்தம். கியர் விழவில்லை. மறுபடி இழுத்தார். மறுபடி அரைபட்டது. இஞ்சின் வெறுமனே கத்த, அதன் பிடியிலிருந்து விடுபட்ட வண்டி ஒரு குலுக்கலோடு முன்னே பாய்ந்தது. பின்னால் சங்கிலிகள் படபடவென்று அடித்துக்கொண்டன.

டிரைவரின் இடது கை மறுபடி சீட்டுக்குப் பக்கத்தில் கீழே போய்த் துழாவியது.

இந்த முறை ஊசிவெடிக்குப் புரிந்தது. வேனில் கைபிரேக் இருக்குமே, அந்த இடம்! இந்தக் கேபினில் அங்கே வெறும் தரைதான் இருந்தது. இந்த மனுஷன் இல்லாத கைபிரேக்கைத் தேடுகிறார்.

"சார்" என்றான், "இதுக்கு முன்னால நீங்க என்ன வண்டி ஓட்டினீங்க?"

"வேன்" என்றார் அவர், அழுகிற குரலில். "எட்டு வருஷமும் வேன்தான்."

வளைவு தெரிந்தது. இடுப்புயரச் சுவர் தெரிந்தது. சுவருக்கு மேலே வெறும் ஆகாயம். கீழே யாரோ ஒரு பேருந்தின் கூரையில் நின்று மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கருகல் வாடை இப்போது மூக்கை எரித்தது. பின்கை கண்ணாடியில் ஒரு மஞ்சள் புள்ளியாகச் சிறுத்துப்போயிருந்தாள். அவள் குரல் மட்டும் சீட்டில் கிடந்த வாக்கிடாக்கியில் கிழிந்தது.

"சிவப்புக் குமிழ்! இழுங்க! சிவப்புக் குமிழை வெளிய இழுங்க!"

"இழுக்காதே!" டிரைவர் அலறினார். "இழுத்தா காத்து மொத்தமும் போயிடும்! இருக்கற பிரேக்கும் போயிடும்! புருஷனைக் கொல்லப் பார்த்தவ, நம்மளையும் கொல்லப் பார்க்கறா!"

ஊசிவெடியின் கை பாதி வழியில் நின்றது. ஒரு பக்கம் இந்த மாதிரி வண்டி ஓட்டக் கம்பெனி கொடுத்த சான்றிதழை வைத்திருக்கும் டிரைவர். இன்னொரு பக்கம் போலீசுக்குப் போகக் காத்திருக்கும் குற்றவாளி. சாயங்காலம் வரை அவள் மேல் கண் வை என்றுதானே அவனை இங்கே உட்கார வைத்தார்கள்? அண்ணி பலகையில் என்று ஆரம்பித்தாரே, பலகையில் என்ன? இழு என்று சொல்ல வந்தாரா, தொடாதே என்று சொல்ல வந்தாரா? பாழாய்ப்போன போன்!

காத்து இருக்கற வரைக்கும் சக்கரம் சுத்தும். காத்து போனா கவ்விக்கும். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். அதுவும் தெரிந்து இரண்டு நிமிடம்தான் ஆகிறது.

டிரைவர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். ஊசிவெடி குனிந்து அந்தக் கையைக் கடித்தான். நன்றாகவே கடித்தான். பிடி விட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு சிவப்புக் குமிழைப் பிடித்து இழுத்தான்.

புஸ்ஸென்று மூச்சு போனது. போயே போய்விட்டது. செத்தோம் என்று நினைத்தான்.

பின்னாலிருந்து யாரோ வண்டியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததுபோல் இருந்தது. நூற்று இருபத்தெட்டு சக்கரங்களும் ஒரே குரலில் கிறீச்சிட்டன. ஊசிவெடியின் நெற்றி கண்ணாடியில் மோதியது. சங்கிலிகள் முறுக்கேறி முனகின. வண்டி இழுத்து, இழுத்து, இன்னும் கொஞ்சம் இழுத்து, நின்றது.

கண்ணைத் திறந்தான். எதிரே சுவர். சுவரில் ஒட்டியிருந்த பழைய நோட்டீஸில் பல் டாக்டரின் போன் நம்பரைப் படிக்க முடிந்தது. அத்தனை பக்கத்தில்.

பேருந்துக் கூரையில் மூட்டை கட்டியவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, தன் வேலையைத் தொடர்ந்தார்.

பின்கை ஓடி வந்து சேர்ந்தாள். யாரையும் திட்டவில்லை, எதையும் கேட்கவில்லை. முதல் காரியமாக வண்டியின் பக்கவாட்டில் தொங்கிய கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சக்கரங்களுக்குக் கீழே கொடுத்துக் காலால் உதைத்து இறுக்கினாள். எட்டும் முடிந்த பிறகுதான் கேபின் கதவைத் திறந்தாள். அவள் முகம் மாவு பூசினதுபோல் இருந்தது.

"யார் இழுத்தது?"

ஊசிவெடி கையை உயர்த்தப் பார்த்தான். முடியவில்லை. விரல்கள் குமிழை விட மறுத்தன.

"இழுத்துட்டேன்னு திருப்பிச் சொல்லவே இல்லையே, தம்பி" என்றாள் அவள். அப்படியே கேபின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இழுத்துட்டேன்க்கா" என்றான் அவன். "சிவப்புக் குமிழை வெளிய இழுத்துட்டேன். வேணும்னா நூறு தடவை சொல்றேன்."

புது டிரைவர் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினார். கேட்காமலே எல்லாம் வந்தது. சான்றிதழ், அவருக்குப் பதிலாக இன்னொருத்தர் பரீட்சை எழுதி வாங்கிக் கொடுத்தது. மூன்று நாளைக்கு முன் யார்டில் ஆளில்லாத நேரம் பார்த்துப் பழகிக்கொள்ள ஏறியிருக்கிறார். "பின்னால அவர் கட்டையை எடுத்துக்கிட்டு இருந்தது எனக்குத் தெரியாது. காத்து கொடுத்தா பிரேக் பிடிக்கும், வண்டி பத்திரமா நிக்கும்னுதான் குமிழை அழுத்தினேன். உருண்டுடுச்சு. ஏன் உருண்டுச்சுன்னு இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. பயந்துட்டேன். கருவிப் பெட்டியில இவங்க கத்தி இருந்துச்சு. குழாயை வெட்டிட்டா வேற யாரோ செஞ்ச மாதிரி இருக்கும்னு…"

"எந்தக் குழாய்?" என்றாள் பின்கை.

"சிவப்பு."

அவள் அவரையே வெறித்தாள். "சிவப்பா? பிரேக்கை யாரோ கெடுத்தாங்கன்னுதான் எங்கிட்டச் சொன்னாங்க. கத்தியைக் காட்டினாங்க. எந்தக் குழாய்னு ஒருத்தரும் சொல்லலையே! சிவப்புன்னு சொல்லியிருந்தா நான் அன்னிக்கே…" முடிக்காமல் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அண்ணி மேனேஜரின் காரில் வந்து இறங்கினார். கொழுந்தனின் நெற்றியில் புடைத்திருந்ததைப் பார்த்தார், கட்டைகளைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். விசாரிக்க எதுவும் பாக்கி இல்லை. பின்னாலேயே வந்த மேனேஜர் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பலகையில என்னமோ சொல்ல வந்தீங்களே அண்ணி," என்றான் ஊசிவெடி, "இழுன்னா, தொடாதேன்னா?"

"இழுன்னுதான்."

"நல்லவேளை. மத்ததுன்னா இப்ப எனக்குக் காய்ச்சல் வந்திருக்கும்."

அண்ணி அவன் விரல்களைக் குமிழிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். பிறகு தன் போனைப் பின்கையிடம் நீட்டினார். "ஆஸ்பத்திரி. உங்க வீட்டுக்காரர். வெட்டுப்பட்டது சிவப்புக் குழாய்னு சொல்லிட்டேன். உங்ககிட்டப் பேசணும்ங்கறார்."

அவள் போனை வாங்கக் கையை நீட்டினாள். கையெல்லாம் கிரீஸாக இருந்ததால் அண்ணியே அதை ஒலிபெருக்கியில் போட்டுப் பிடித்துக்கொண்டார்.

 கட்டைக் குரலில், "நீ செய்யல" என்றார் அவர்.

அவள் போனையே பார்த்தாள். 

"நீ செய்யல" என்றார் மறுபடியும். "கேக்குதா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? ஊசிவெடிக்குப் பொறுக்கவில்லை. படியில் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். 

"அக்கா," என்றான் மெதுவாக, "சொன்னதைத் திருப்பிச் சொல்லணும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனுக்கு அருகே குனிந்தாள்.

"நான் செய்யல" என்றாள்.